மாற்றிப் போட்ட பின்சக்கரம்

சனிக்கிழமை காலை பயிற்சிக்குக் கிளம்பிய அனுசுயாவுக்கு, சுருளிப்பட்டியைத் தாண்டுவதற்குள்ளேயே சைக்கிளில் ஏதோ கோளாறு என்று தெரிந்துவிட்டது. கியர் மாற்றினால் செயின் ஏறவில்லை. நறநறவென்று பல்லைக் கடித்துக்கொண்டு நடுவில் தடுமாறியது. மறுபடி தட்டினால் ஒன்றைத் தாண்டி அடுத்ததில் போய் விழுந்தது. மறுநாள் கம்பத்தில் மாவட்டப் போட்டி. முதல் இரண்டு இடத்தில் வருபவர்களைத்தான் மாநிலப் போட்டிக்கு அனுப்புவார்கள்.

2006ஆம் வருடம் அது. உத்தமபாளையத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைகளில் திராட்சைப் பெட்டி அடைக்கப் போய், அந்தக் கூலியில் வாங்கிய பழைய கியர் சைக்கிள் அது. அதன் ஒவ்வொரு சத்தமும் அவளுக்குப் பழக்கம். இந்தச் சத்தம் புதிது.

முதலில் கியர் வயர் தளர்ந்திருக்கும் என்று நினைத்தாள். திருகைக் கொஞ்சம் இறுக்கினாள். பெரிய பற்சக்கரங்கள் சரியாயின, சின்னவை கெட்டன. தளர்த்தினாள். சின்னவை சரியாயின, பெரியவை கெட்டன. கம்பத்தில் சம்சுதீன் கடையில் புது வயர் போட்டுப் பார்த்தார்கள். அப்படியும் அதே நறநறப்பு. எங்காவது இடித்திருக்கலாம், திங்கட்கிழமை பிரித்துப் பார்க்கலாம் என்றார் சம்சுதீன். திங்கட்கிழமை சரியாகி என்ன பயன்?

வீட்டுக்கு வந்து சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றினாள். ஒவ்வொரு கியராகத் தட்டிக்கொண்டே வந்தவள், கடைசித் தட்டுக்குச் செயின் ஏற இடமில்லாமல் ஸ்போக்ஸ் கம்பியை உரசியதைக் கண்டு கையை நிறுத்தினாள். பற்சக்கரங்களை எண்ணினாள். ஆறுதான் இருந்தன. அவளுடையதில் ஏழு. அது அவள் சக்கரமே இல்லை.

அவளுடைய சக்கரம் அண்ணன் வேல்பாண்டியின் சைக்கிளில் இருந்தது. அவனும் மறுநாள் ஆண்கள் போட்டியில் ஓட்டுகிறான். கேட்டதற்கு அவன் மறைக்கவில்லை. தன் ரிம்மில் கோட்டம் இருக்கிறது, அவளுடையது நன்றாக ஓடுகிறது, நாளை ஒருநாள்தானே என்றான். திருப்பிக் கொடு என்று அவள் சைக்கிளைப் பிடித்தபோது, அப்பா முத்துக்கருப்பன் தோட்டத்துக்கு மருந்தடித்துவிட்டு உள்ளே வந்தார்.

"அவன் ஜெயிச்சா போலீசு வேலைக்கு எடுப்பாக. நீ ஜெயிச்சு எங்கன போகப்போற? இருக்கிறத வச்சு ஓட்டு ஆத்தா."

அம்மா மூக்கம்மாள் அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டாள். வெளியே வரவில்லை.

அனுசுயா கையை எடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. வேல்பாண்டியின் கியர் ஆறு தட்டுக்கானது. ஏழு பற்சக்கரம் அதோடு ஒத்துப்போகாது. அவன் சமதளத்தில் ஒரே கியரில் மிதித்துப் பழகுகிறவன், அதனால் இன்னும் தெரியவில்லை. சொல்ல வாயெடுத்தாள். அவனோ சக்கரத்தைச் சுழற்றி, எவ்வளவு லேசாகச் சுற்றுகிறது பாருங்கள் என்று அப்பாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தன் சைக்கிளில் செயின் கம்பிக்குள் போகாதபடி மட்டும் திருகைத் திருத்தி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் போட்டி முதலில் நடந்தது. கூடலூர் போய்த் திரும்பும்வரை அவள் இரண்டாவதாக வந்தாள். திரும்பும்போது எதிர்காற்று பிடித்தது. கியரை மாற்றினாள். செயின் நழுவிக் கால் வெறுமனே சுற்றியது. மறுபடி பிடிப்பதற்குள் போடிக்காரப் பெண் ஒருத்தி கடந்துபோய்விட்டாள். அனுசுயா மூன்றாவது. கல்லூரி விளையாட்டு ஆசிரியை ஷரீபா என்னம்மா ஆச்சு என்று கேட்டதற்கு, கியர் நழுவிவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

ஆண்கள் லோயர் கேம்ப் வரை போனார்கள். கூடலூர் தாண்டிய ஏற்றத்தில் முன்னணியில் இருந்த வேல்பாண்டி, எழுந்து நின்று மிதித்தபடியே கியரை மாற்றினான். செயின் பிடி விட்டது. ஹேண்டில் பாரில் முகம் மோதிக் கீழே விழுந்தான். முகவாய் கிழிந்து, முன்பல் ஒன்று போய், வேனில் கொண்டுவந்தார்கள். செய்தி கேட்ட முதல் கணத்தில் அனுசுயாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கட்டுப் போட்ட முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

சக்கரத்தில் அவள்தான் ஏதோ செய்து வைத்துவிட்டாள் என்று வேல்பாண்டி அப்பாவிடம் சொன்னான்.

"இப்பிடி ஆகும்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார் முத்துக்கருப்பன்.

"நான் எதுவும் பண்ணலப்பா. ஆனா தெரியும்."

"ஏன் சொல்லல?"

"எஞ்சக்கரத்தக் கழட்டயில என்னய யாரும் கேக்கல."

அவர் அடிக்கவில்லை. அந்த வாரமே அவளுடைய சைக்கிளை, அதன் பழைய சக்கரத்தையே திரும்ப மாட்டி, கம்பத்தில் விற்றுவிட்டு வந்தார். கூடப்பிறந்தவன் பிழைப்பைக் கெடுத்தவள் என்று மூக்கம்மாள் சோறு போடும்போதெல்லாம் சொன்னாள். அனுசுயா போட்டியில் எத்தனையாவதாக வந்தாள் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

மறு வருடப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி ஷரீபா டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். அனுசுயா போகவில்லை. மதியப் பேருந்தைப் பிடித்து ஊருக்கு வந்துவிட்டாள்.