உச்சிவெயிலில் ஒரு சீழ்க்கை

ஆறுமணிக்குருவி விடியலிலும் பொழுது சாயும்போதும்தான் கூவும். அன்று உச்சிவெயிலில் கூவியது. வரதய்யபாளையத்துக்கு மேற்கே, காட்டை ஒட்டிய தன் மாந்தோப்பில் சருகு கூட்டிக்கொண்டிருந்த தாட்சாயணி நிமிர்ந்து கேட்டாள். இரண்டு சீழ்க்கை, சற்று இடைவெளி, மறுபடி அதே இரண்டு. கொஞ்சமும் பிசகவில்லை. உயிருள்ள பறவை இப்படிக் கூவாது என்று அவளுக்குத் தோன்றியது.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு வேலியைத் தாண்டினாள். ஓடைக்கரைப் புதர்களுக்கு நடுவே மெல்லிய வலை. வலை கண்ணுக்கே தெரியவில்லை. அதில் தொங்கிய குருவிகள்தான் தெரிந்தன. பச்சை முதுகு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. சருகைக் கிளறிப் புழு பூச்சி பொறுக்கும் குருவி, வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. ஒன்று அசையவே இல்லை. மற்ற இரண்டும் கண்ணை உருட்டின. சீழ்க்கை மட்டும் விடாமல் அழைத்துக்கொண்டிருந்தது.

புருஷன் கோபிகிருஷ்ணன் காலையிலேயே சத்தியவேட்டுக்குப் போயிருந்தான். செல்லை எடுத்து அவனைக் கூப்பிட்டாள்.

சீழ்க்கை நின்றது. புதருக்குள் கோபியின் ரிங்டோன் ஒலித்தது.

அழைப்பைத் துண்டித்தாள். சீழ்க்கை மறுபடி தொடங்கியது.

வலையில் கை வைத்தாள்.

"கையெடுமே!" பாறைக்குப் பின்னாலிருந்து கோபி ஓடிவந்தான்.

"இன்னா மாமா இது? சத்தியவேடு போறேன்னுட்டு இங்க குந்திக்கினு இருக்கியே?"

"தடா ஊர்ல ஒரு ஆளு கேட்டான். உசுரோட வேணுமாம்."

"கூண்டுல போட்டா இது தானியம் துன்னாது. செத்துப்பூடும்."

"அது அவன் பாடு. வலையும் அவனுதுதான். அறுத்தேன்னா சும்மா வுடமாட்டான். நீ அவனப் பாத்ததில்ல."

அவன் குரலில் கோபத்தைவிடப் பயமே அதிகமாக இருந்தது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஒரு குருவி தாழப் பறந்து புதருக்குள் மறைந்தது. இன்னொன்று அவள் உள்ளங்கையில் சற்று நேரம் நடுங்கிக் கிடந்துவிட்டுத்தான் போயிற்று. கோபி தடுக்கவில்லை. யாராவது வருகிறார்களா என்று வண்டிப்பாதையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இருட்டுவதற்குள் வெள்ளைக் கார் ஒன்று தோப்புக்குள் நுழைந்து வீட்டு வாசலில் நின்றது. இறங்கியவன் சிரித்த முகமாக இருந்தான். கோபியை அவன் கேட்கவே இல்லை.

"வலைய அறுத்த தாட்சாயணி வூடு இதானா?"

"நாந்தான் தாட்சாயணி," என்றாள் அவள், வாசற்படியை விட்டு நகராமல்.

பின்னால் உள்ளறையில் கோபி தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.