கப்பல் பார்க்க இரண்டு நாள்

ஒஸ்லோவில் இருக்கும் என் அக்கா அக்னெஸிடம், நாங்கள் வியாழக்கிழமை வருகிறோம் என்று சொல்லியிருந்தேன். உண்மையில் எங்கள் விமானம் செவ்வாய்க்கிழமையே அங்கே இறங்குகிறது. நடுவில் இரண்டு நாள் ஹோட்டல். யோசனை முழுக்க என்னுடையதுதான். மனைவி கிறேஸ் மேல் பழி போட முடியாது.

ஏன் என்று கேட்டால் பாரிஸைச் சொல்வேன். 2003இல் ஐந்து நாள் போனோம். சொந்தக்காரர் வீடு மட்டும் பதினொன்று. வீட்டுக்கு வீடு ஆட்டிறைச்சிக் கறி, பிறகு அந்த வீட்டு மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு வீடியோ. ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டை விட்டால் ஆயுளுக்கும் கோபம். ஈஃபில் கோபுரத்தை ஓடும் காரின் பின்கண்ணாடி வழியாகத்தான் பார்த்தோம். இங்கே நாங்கள் இருக்கும் இடத்து டோர்வல் விமான நிலையத்தில் ஊர் உலகத்தின் பெட்டிகளையெல்லாம் ஏற்றி இறக்குகிறவன் நான். எனக்கென்று ஒரு பயணம் வந்தால் அது இப்படியா என்று அன்றைக்கே கேட்டுக்கொண்டேன்.

இந்த முறை மகள் ஜெயனிக்கு ஒரே ஆசை, வைக்கிங் கப்பல் மியூசியம். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் அதைப் பற்றி ப்ரொஜெக்ட் செய்தவள். மண்மேட்டுக்குள் ஆயிரம் வருடத்துக்கு மேல் புதைந்து கிடந்த கப்பலாம். இரண்டு பெண்களை அதில் வைத்து அடக்கம் செய்தார்களாம். பஸ் நம்பர், திறக்கும் நேரம் எல்லாம் கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். நாங்கள் செவ்வாயே வருவது அக்காவுக்குத் தெரிந்தால் ஒஸ்லோவில் உள்ள சொந்தம் முழுக்கச் சோற்றோடு வரிசையில் நிற்கும் என்று நினைத்தேன். "மாமி கேட்டா வியாழன் எண்டு சொல்லு, சரியோ?" என்று பத்து வயதுப் பிள்ளைக்கு நானே சொல்லிக்கொடுத்தேன். அப்போது அது கெட்டித்தனமாகத்தான் பட்டது.

பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, சனிக்கிழமை மத்தியானம் அக்கா போன் எடுத்தாள். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பி, ஜெயனி கப்பல் பாக்கவேணும் எண்டவள் எல்லே? போன ஞாயிறு பூசை முடிய நான் பஸ் எடுத்து அங்க போய்ப் பாத்துக்கொண்டு வந்தனான். எங்க இறங்கிறது, எத்தினை மணிக்குத் திறக்கிறாங்கள் எண்டு."

"உள்ளுக்கும் போனனீங்களோ?"

"இல்லையடா. பதினெட்டு வருசமா இஞ்ச இருக்கிறன், ஒருக்காலும் போகேல்லை. அத்தானும் கண்மூடினாப் பிறகு ஆரோட போறது? உங்களோட போவம் எண்டு வாசலால திரும்பியிட்டன். வெள்ளிக்கிழமை லீவும் எடுத்திட்டன். சனங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னா சாப்பிட வா, சாப்பிட வா எண்டு பிள்ளையின்ர நாளை வீணாக்கிப்போடுவினம்."

நான் யாருக்குப் பயந்து ஒளித்தேனோ, அவளும் அவர்களுக்குப் பயந்து எங்களுக்காக ஒளித்திருக்கிறாள். வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது.

"பிள்ளை, வியாழன் எத்தினை மணிக்கு இறங்குறியள்?" என்று அக்கா ஜெயனியைக் கேட்டாள்.

ஜெயனி என் முகத்தைப் பார்த்தாள். "பின்னேரம் நாலு மணி, மாமி."

கொஞ்சமும் தடுமாறவில்லை. கிழமையை மட்டும்தான் நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். மணியை அவளே போட்டுக்கொண்டாள்.

போனை வைத்ததும் கேட்டாள்: "மாமியோட போகேக்க, முதல் தரம் பாக்கிற மாதிரி நான் நடிக்கவேணுமோ?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கிறேஸ் நிமிரவில்லை. "பிள்ளை கேக்கிறாள். சொல்லுங்கோவன்."

கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்து ஹோட்டலை ரத்துச் செய்தேன். உண்மையை அப்படியே சொல்லி மன்னிப்புக் கேட்பது என்ற முடிவோடுதான் திரும்ப அக்காவுக்குப் போன் எடுத்தேன். ஜெயனி கொப்பியோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, நாங்கள் வியாழன் இல்லை. செவ்வாயே வாறம்."



"நான் தனிய இருக்கிறன் எண்டோ டிக்கெட்டை மாத்தினனி?" என்று கேட்டாள் அக்கா. "என்ர ராசா."

ஜெயனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் அக்கா" என்றேன்.