கைப்பிடியை இழுத்த பிறகு

என் அண்ணன் பொய் சொல்ல மாட்டான். சொல்லத் தெரியாது என்பதுதான் சரி. அவன் வாய் திறப்பதற்குள் காது சிவந்து காட்டிக் கொடுத்துவிடும். அதனால்தான் அந்த வாரம் நான் என் கையையே சந்தேகப்பட்டேன்.

நான் விமான மெக்கானிக். இன்ஜினைப் பிரித்து, பார்த்து, பூட்டி, "பறக்கலாம்" என்று முத்திரை குத்துகிறவள். அண்ணன் விமானி. நிலத்தை மேலிருந்து படம் எடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில்தான் இரண்டு பேருக்கும் வேலை. எனக்கு நாற்பத்தாறு வயது. அவன் இன்னும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவான். அவன் புண்ணியத்தில் விமானம் நிறுத்தும் ஹாங்கரில் பெயின்ட் அடிக்கிறவர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

வெள்ளிக்கிழமை காலை, இறங்க வரும்போது அவன் இன்ஜின் காலை வாரிவிட்டது. வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்து வந்தவன் மறுபடி முடுக்கினால் சக்தியே இல்லை. ஓடுதளத்துக்கு முன்னாலேயே, வேலிக்கு வெளியே இருந்த புல்தரையில் இறக்கிவிட்டான். அவனுக்கு ஒரு கீறலும் இல்லை. விமானத்தில் ஒரு சக்கரத்தின் மூடி மட்டும் உடைந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அவன் எழுதிக் கொடுத்த அறிக்கையில் மூன்றே வரி இருந்தது. இன்ஜின் தடுமாறியது. கார்புரேட்டர் சூட்டுக் கைப்பிடியை இழுத்தேன். பயனில்லை.

பதினோரு நாளுக்கு முன்பு அந்தக் கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டியவள் நான்.

எங்கள் தலைமைப் பொறியாளர் சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா வைத்திருப்பார். அவருக்குப் பெயரே மூணு பேனாதான். அன்று சாயங்காலம் என் முத்திரையை வாங்கித் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டினார். வியாழக்கிழமை விசாரணை என்றும், என் வேலையில் கோளாறு என்று தெரிந்தால் முத்திரை திரும்ப வராது என்றும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நல்ல மனிதர். அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் அவர் அனுமதியோடு அந்தக் கார்புரேட்டரைப் பட்டறையில் வெள்ளைத் துணியில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிதவை சரியாக மிதந்தது. அது ஏற ஏறப் பெட்ரோலை அடைக்கும் ஊசியில் தேய்மானம் இல்லை. துளைகளில் தூசி இல்லை. சூட்டுக் கதவும் அதன் கம்பியும் ஒழுங்காக வேலை செய்தன. நான்கு முறை பிரித்தேன், நான்கு முறையும் குற்றம் கிடைக்கவில்லை. குற்றம் கிடைக்காததற்கு அழுதவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் அண்ணன் இழுத்தேன் என்கிறானே. அப்படியானால் தப்பு இங்கேதான் எங்கேயோ இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அண்ணி சாப்பாட்டுத் தூக்கோடு பட்டறைக்கு வந்தாள். "அவரும் சாப்பிடல, நீயும் சாப்பிடல. நம்ம வீட்ல இன்ஜின் மட்டும்தான் வேளாவேளைக்குக் குடிக்குது" என்றாள். சாப்பிட வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, இதெல்லாம் என்ன என்று கேட்டாள். இருபத்தெட்டு வருஷமாக விமானிக்கு வாழ்க்கைப்பட்டவள் முதல் தடவையாகக் கேட்டாள்.

சொன்னேன். காற்று இந்தக் குறுகின கழுத்து வழியாக நுழையும்போது வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு கிண்ணத்திலிருந்து பெட்ரோலை உறிஞ்சித் தூவுகிறது. தூவின பெட்ரோல் ஆவியாகும்போது அங்கே இருக்கிற சூட்டையெல்லாம் பிடுங்கிக்கொள்ளும். காற்றில் ஈரம் இருந்தால் அது கழுத்துக்குள்ளேயே உறைந்து பனிக்கட்டியாகிவிடும். கழுத்தைப் பிடித்தால் யாருக்குத்தான் மூச்சு வரும்? இன்ஜினுக்கும் அதே கதிதான்.

வெள்ளிக்கிழமை ஒன்றும் அப்படிக் குளிரில்லையே, ஐஸ் எங்கிருந்து வந்தது என்றாள். குளித்துவிட்டு ஈரத்தோடு ஃபேனுக்கு அடியில் நின்றால் நடுங்குகிறதல்லவா, அது மாதிரி என்றேன். உறைகிற குளிரில் காற்று வறண்டு கிடக்கும். இதமான, ஈரமான நாள்தான் ஆபத்து. அதற்குத்தான் சூட்டுக் கைப்பிடி. அதை இழுத்தால் புகைக்குழாயைச் சுற்றி வரும் சூடான காற்று உள்ளே போய்ப் பனியைக் கரைத்துவிடும்.

"அவர் இழுத்தாராமே?"

"அதான் அண்ணி எனக்குப் புரியல."

புதன்கிழமை காலை வெள்ளிக்கிழமை மாதிரியே ஈரமாக விடிந்தது. மூணு பேனாவிடம் அனுமதி வாங்கி, விமானத்தை வெளியே நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். அண்ணனை அவன் இருக்கையில் உட்காரச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நடந்ததை என் காதால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அவனைச் சோதிக்க வேண்டும் என்று எனக்குக் கனவிலும் தோன்றவில்லை.

இன்ஜினை மெதுவாக ஓட விட்டுக் காத்திருந்தோம். பத்து நிமிஷத்தில் இன்ஜின் வேகத்தைக் காட்டும் முள் தானாக இறங்க ஆரம்பித்தது. சத்தம் கரகரத்தது. பனி கட்டுகிறது.

"இழுண்ணா" என்றேன்.

இழுத்தான். உடனே இன்ஜின் இன்னும் மோசமாயிற்று. இருமியது, உதறியது, விமானமே ஆட்டம் கண்டது. கரைந்த பனி அத்தனையும் தண்ணீராக இன்ஜினுக்குள் போகிறதே, உதறாமல் என்ன செய்யும்? இழுத்த கை, இழுத்த வேகத்திலேயே கைப்பிடியைத் திரும்ப உள்ளே தள்ளப் போனது. நான் அவன் கையின் மேல் என் கையை வைத்து அழுத்திப் பிடித்தேன்.

"விடு பாப்பா, நின்னுடும்."

"நிக்காது. பொறு."

பதினைந்து விநாடி இருக்கும். ஒரு யுகம் மாதிரி இருந்தது. பிறகு இன்ஜின் தொண்டையைச் செருமிக்கொண்டு சீராக ஓட ஆரம்பித்தது. முள் பழைய இடத்துக்கு ஏறியது.

அண்ணன் முள்ளைப் பார்க்கவில்லை. என் கைக்கு அடியில் இருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவக்கவில்லை, முகம் வெளுத்துப் போயிருந்தது. அவன் முப்பது வருஷமாக ஓட்டியதெல்லாம் பெட்ரோலை நேராகப் பீச்சும் இன்ஜின்கள், அவற்றில் இந்தப் பனித் தொல்லை இல்லை. கார்புரேட்டர் விமானத்துக்கு மாறி எட்டு மாதம்தான் ஆகிறது. இழுத்தால் முதலில் மோசமாகும், பொறுக்க வேண்டும் என்று அவனும் புத்தகத்தில் படித்தவன்தான். படித்தது தலையில் இருந்தது, கைக்கு வந்து சேரவில்லை. வெள்ளிக்கிழமை கை செய்ததைத் தலையும் கவனிக்கவில்லை.

இன்ஜினை அணைத்தேன். அவனுக்கு ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. தப்பு அவனுடையது என்றால் தரையில் உட்கார வைத்துவிடுவார்கள். இந்த மனிதனுக்கு வானத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது. எனக்கோ இன்னும் பன்னிரண்டு வருஷ வேலை இருக்கிறது, முத்திரை போனாலும் யாரிடமாவது ஸ்பேனர் பிடித்துப் பிழைத்துக்கொள்வேன்.

"நாளைக்கு நீ எதுவும் பேசாத. கம்பி கொஞ்சம் தளர்ந்திருந்துச்சுன்னு நான் சொல்லிக்கறேன். ஐஸ் கரைஞ்சு போச்சு, யாரும் பாக்கல" என்றேன்.

அவன் இறங்கிப் போனான்.

வியாழக்கிழமை மூணு பேனாவின் அறையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவர் என்னைப் பார்த்து, என்ன கண்டுபிடித்தாய் என்றார். நான் தயாராக இருந்தேன்.

"சூட்டுக் கதவோட கம்பி கொஞ்சம் சார்..."

"கம்பில ஒண்ணும் இல்ல சார்" என்றான் அண்ணன். "நான் இழுத்தேன். இன்ஜின் மோசமாச்சு. பயந்துபோய்த் திருப்பித் தள்ளிட்டேன். அறிக்கைல பாதிதான் எழுதியிருக்கேன்."

மூணு பேனா ஒரு பேனாவைக் கீழே வைத்தார். "அன்னைக்கே ஏன் எழுதல?"

"அன்னைக்குத் தெரியாது. நேத்துத்தான் தெரிஞ்சுது."

"எப்படி?"

"பாப்பா கை என் கை மேல இருந்துச்சு சார்."

மூணு பேனா மேசையைத் திறந்து என் முத்திரையை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். அண்ணனிடம், மறுபடி பயிற்சி எடுத்துத் தேர்வு எழுத ஆறு மாதம் ஆகும், அதுவரை பறக்க முடியாது என்றார். "பரவால்ல சார், ஒரு மாசம் மிச்சம் இருக்கு" என்று அண்ணன் சிரித்தான்.

வராந்தாவுக்கு வந்ததும் அவனைப் பிடித்துக் கொண்டேன். உன்னை யார் கேட்டது, வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதா, நீ என்ன அரிச்சந்திரனுக்குப் பேரனா என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவன் நான் முடிக்கும் வரை நின்றான்.

"கம்பின்னு எழுதினா எல்லாரும் கம்பியத்தான் பாப்பாங்க. கையை யாரும் பாக்க மாட்டாங்க. அடுத்தவனுக்கு அந்த நேரத்துல கீழ புல்தரை இருக்கணுமே பாப்பா" என்றான்.

இந்த அண்ணனுக்குத் தங்கையாகப் பிறந்ததற்காக எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் நான் முயலவில்லை.

"ஆறு மாசம் எங்கதான் உக்காருவே?"

"உன் பட்டறைல ஒரு ஸ்டூல் போடேன். எதையும் தொட மாட்டேன்."

தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு, அவன் வெள்ளைச் சட்டையிலேயே மூக்கைத் துடைத்தேன். என் கை கிரீஸ் முழுதும் அதில் ஒட்டிக்கொண்டது. அவன் நகரவில்லை, நான் அழுது முடிக்கும் வரை அப்படியே நின்றான்.