நான்காம் மேடை

சாரக்காரனுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அவனோடு வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். அது தப்பு. அவனுக்கு உடம்பெல்லாம் மூக்கு. கட்டடத்துக்குச் சாரம் கட்டும்போது குழாய்களைப் பூட்டும் கிளாம்பை ஒரு சுற்று குறைவாக முடுக்கியவனை நாள் முழுக்கத் திட்டுவான். மேலே நிற்கிறவன் உயிர் அந்த ஒரு சுற்றில்தான் இருக்கிறது என்பான். அதில் நியாயம் இருந்ததால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. அதுவே ஆளைக் கெடுத்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க அவனும் அவன் ஆட்களும் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில், இசை விழாவுக்காக இரும்புக் குழாய்களை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே வாசிக்கப் போவது அவனும் அவன் அக்காவும் முப்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு கேசட் நாடாவையே தேய்த்துவிட்ட ராக் குழு. நாலு பேரும் எழுபதைத் தாண்டியவர்கள். இதோடு நிறுத்திக்கொள்கிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். இப்போது பார்க்காவிட்டால் இனி எப்போதும் இல்லை.

அக்கா வண்டி உதிரிபாகக் கடையில் கவுண்டரில் இருக்கிறாள். நாலாயிரம் பாகங்களின் எண்ணும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பதினொரு வருஷத்துக்கு முன்னால் முதுகுத்தண்டில் வந்த வீக்கம் இடுப்புக்குக் கீழே இருந்த எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டது. அதற்கு முன்னால் அவள் டிரம்ஸ் வாசித்தவள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்த பிறகு மிதிகட்டையை மிதிக்கக் கால் இல்லை. கை மட்டும் கவுண்டர் பலகையில் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும்.

அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. அந்தக் குழுவின் மிக நீண்ட பாட்டில், நடுவே எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். டிரம்ஸ்காரர் தனியாக நாலு நிமிஷம் அடித்து நொறுக்குவார். பிறகு சட்டென்று ஓர் அமைதி. அந்த அமைதிக்குள் இரண்டே அடி. இரண்டு கையாலும் மாற்றி அடிக்கிறார் என்பது தம்பியின் கட்சி. இரண்டும் இடது கைதான், வலது கை பித்தளைத் தட்டை அணைத்துப் பிடித்திருக்கிறது, இல்லாவிட்டால் அப்படி ஓர் அமைதி வராது என்பது அக்காவின் கட்சி. வீடியோக்களில் பார்க்கலாமென்றால், சரியாக அந்த இடத்தில் பாடகரின் பல்லைக் காட்டித் தொலைப்பார்கள். நேரில் பார்த்தால்தான் உண்டு. அவள் மைதானத்துக்கு வந்தது அந்த இரண்டு அடிக்காக.

மத்தியானமே வந்துவிட்டார்கள். வாசலில் நின்றவர் சக்கர நாற்காலிகளுக்குத் தனி இடம் இருக்கிறது என்று கைகாட்டினார். போய்ப் பார்த்தால், அவன் கட்டிய நான்காம் எண் மேடை. சாரக்காரனுக்குத் தலைகால் புரியவில்லை. சாய்தளத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே, இதை நான்தான் கட்டினேன், யானை ஏறினாலும் அசையாது என்று பீற்றிக்கொண்டான். அக்கா சக்கரத்தை முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. முன்னால் ஜனங்கள் புல்தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அப்பால் பெரிய மேடையும் அதன் நடுவில் டிரம்ஸும் உள்ளங்கை ரேகை மாதிரி தெரிந்தன.

ஆறு மணிக்குக் குழு மேடையேறியது. மைதானம் மொத்தமும் எழுந்து நின்றது.

அவ்வளவுதான். அக்காவுக்கு முன்னால் முதுகுகள். அதற்கு முன்னால் முதுகுகள். ஒரு தோளில் குழந்தை, பத்துக் கையில் போன். அந்த மேடையில் மொத்தம் ஆறு நாற்காலிகள், ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். ஏழு பேரும் காசு கொடுத்து முதுகு பார்த்தார்கள். ஓரத்துத் திரையிலோ வழக்கம்போலப் பாடகரின் பல்.

சாரக்காரன் கத்தினான். உட்காருங்கள் என்று கெஞ்சினான், பிறகு திட்டினான். பாட்டுச் சத்தத்தில் அது யார் காதில் விழும்? ஒருவன் திரும்பிச் சிரித்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். இவனும் சந்தோஷத்தில் கூவுகிறான் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. அந்த விரலை ஒடிக்க வேண்டும்போல இருந்தது.

மேடைகளுக்குப் பொறுப்பான பெண், வாக்கி டாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு சாய்தளத்துக்குக் கீழே நின்றாள். அவனை முன்பின் பார்த்திராத அவள் மேல் சாரக்காரன் பாய்ந்தான். உட்கார்ந்திருப்பவர்களுக்கு மேடை போடும்போது முன்னால் இருப்பவன் நிற்பான் என்கிற அறிவு வேண்டாமா, இந்த உயரத்தை எழுதிய முட்டாள் எவன், அவன் வீட்டில் நடக்க முடியாதவர் யாரும் இல்லையா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டான். அவள் காலையிலிருந்து எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு வெந்துபோயிருந்தாள். போனை எடுத்து ஒரு காகிதத்தின் படத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மூணு அடின்னு எழுதினது நான்தாங்க. புதன்கிழமை நான் இல்லாத நேரத்துல யாரோ ஒரு அடியா இறக்கியிருக்காங்க. கையெழுத்து இருக்கு பாருங்க. அந்த ஆள் மட்டும் கையில கிடைக்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்."

கையெழுத்து அவனுடையது. கீழே ஒரு கோடு இழுத்து இரண்டு புள்ளி வைத்திருந்தது. அவன்தான் அப்படி வைப்பான்.

புதன்கிழமை நடந்தது முழுசாக ஞாபகம் வந்தது. அலுவலகத்து ஆள் ஒருவர் வந்து, பின்னாலிருக்கும் முக்கியஸ்தர்கள் கூடாரத்துக்கு நான்காம் மேடை மறைக்கிறது, இரண்டு அடி இறக்குங்கள் என்றார். யாருக்கான மேடை என்று இவன் கேட்கவில்லை. சாய்தளம் கேமரா வண்டிக்காக இருக்கும் என்று தானாகவே நினைத்துக்கொண்டான். அரைமணி நேரத்தில் கால்களை இறக்கி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, மேலே ஏறிப் பார்வை எப்படி என்றும் பார்த்தான். நின்றுகொண்டு பார்த்தான். சாரக்காரன் எந்தக் காலத்தில் மேலே உட்கார்ந்திருக்கிறான்? மைதானமோ காலி. எல்லாம் அருமையாகத் தெரிந்தது. தினமும் காலையில் அக்காவைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவன், அந்த நாற்காலியின் உயரத்தில் ஒரு தடவை குனிந்து பார்க்கவில்லை.

மல்லாந்து படுத்துத் துப்பினால் எங்கே விழும்? நான்தான் அந்த ஆள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லும் துணிச்சல் வரவில்லை. திரும்பி மேலே ஏறினான்.

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். "யாராம்?"

"நான்தான்க்கா. இறக்கச் சொன்னாங்க. எதுக்குன்னு கேக்காம இறக்கிட்டேன்."

அவள் அழுதிருந்தால் தேவலை. திட்டியிருந்தால் இன்னும் தேவலை. அவள் கை சக்கரத்தின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து நீண்ட பாட்டு ஆரம்பமாகிவிட்டது. கிடார்கள் நின்றன. டிரம்ஸ் மட்டும் தனியே புறப்பட்டது. எழுபத்தாறு வயசுக் கிழவர் அடிக்கிற அடியில் பலகைகள் அதிர்ந்தன.

சாரக்காரன் பரபரத்தான். உன்னைத் தூக்கிக்கொள்கிறேன், ஒரு நிமிஷம்தான் என்று குனிந்தான். அக்கா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"தூக்கினா உன் மனசு ஆறும். எனக்கு என்ன ஆறும்?"

"அப்ப நான் நின்னு பாத்துச் சொல்லிடறேன். எந்தக் கைன்னு அப்படியே சொல்லிடறேன்."

"நீ சொல்லித்தான் தெரிஞ்சிக்கணும்னா நான் வீட்லயே இருந்திருப்பேன்டா." அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். பதினொரு வருஷமாகச் சக்கரத்தைத் தள்ளிய கை அது. "உக்காரு. என் தலை இருக்கற உயரத்துக்கு உக்காரு. அங்கயிருந்து பாரு."

அவன் முழங்கால் போட்டு உட்கார்ந்தான். வேர்வையில் நனைந்த ஒரு சட்டை முதுகு. ஒரு பெல்ட். தோள்பை ஒன்றின் அறுந்த ஜிப். அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. எழுந்து ஒரே ஒரு பார்வை பார்த்தால் போதும், முப்பது வருஷ வழக்கு தீர்ந்துவிடும். அவனும் இதற்காகத்தான் வந்திருந்தான். கால் தானாக எழப் பார்த்தது. அக்காவின் பிடி தளரவில்லை.

டிரம்ஸ் நின்றது. அத்தனை ஆயிரம் பேரும் மூச்சு விடவில்லை. இரண்டு அடி விழுந்தது. மைதானமே கூத்தாடியது.

அக்கா சட்டையை விட்டாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"இப்ப சொல்லு," என்றாள். "எந்தக் கை?"