மேற்கு ஜன்னலுக்கு வெளியே

"ரூம் சின்னதுதாங்க. ஆனா வெயில் அதைப் பாத்தா வருது?"

கேட்டுவிட்டு அவன் சற்று நேரம் பேசாமல் நின்றான். பேசாமல் நிற்கும் அந்த இடைவெளியில்தான் வியாபாரம் முடியும் என்பது அவனுக்குத் தெரியும். எதிரே நின்ற கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு டன் ஏசி வாங்க வந்தவர்கள் ரெண்டு டன்னுக்குத் தவணைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

கடையில் அவனுக்குப் பெயரே 'ரெண்டு டன்'. காலை நீட்டினால் சுவரில் இடிக்கும் அறை என்றாலும் பெரிய மெஷினையே தலையில் கட்டிவிடுவான். பொய் சொல்ல மாட்டான், பயமுறுத்துவான். மாதக் கூட்டத்தில் முதலாளியம்மா அவனை எழுந்து நிற்கச் சொல்லி, மற்றவர்களைக் கைதட்ட வைப்பார். நாள் முழுக்க கண்ணாடிக் கதவுக்குள் குளிரில் நிற்பவனுக்கு, வெயில் என்பது பஸ் ஸ்டாப்பிலிருந்து கடைக்கு நடக்கும் தூரம் மட்டும்தான்.

அவன் மனைவிக்கு அப்படி இல்லை.

அவர்கள் குடியிருந்தது நாலாவது மாடி. அதற்கு மேல் மொட்டைமாடி, அதற்கு மேல் சூரியன். கூடத்தில் மேற்கு பார்த்த பெரிய ஜன்னல். தையலுக்கு வெளிச்சம் வேண்டும் என்று அதன் அடியில்தான் அவள் மெஷினைப் போட்டிருந்தாள். கட்டடத்தில் எல்லோரும் அவளை டெய்லரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இத்தனை வருஷமாக ஓரம் அடிப்பது, பிடித்துக் கொடுப்பது என்று சில்லறை வேலை செய்துகொண்டிருந்தவளுக்கு, முதல் தடவையாக ஒரு பள்ளிக்கூடம் முழுவதற்கும் சீருடை தைக்கும் ஆர்டர் கிடைத்திருந்தது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்குள் கொடுத்தாக வேண்டும்.

வீட்டில் ஏசி இருந்தது, படுக்கையறையில். ரெண்டு டன்தான்; ஏசி விற்கிறவனே சின்னது வாங்கினால் ஊர் சிரிக்காதா? ஆனால் அந்த அறையில் கட்டிலைப் போட்டால் கதவைத் திறக்க முடியாது. மெஷினும் துணி வெட்டும் மேசையும் அங்கே எப்படி நுழையும்? போதாக்குறைக்கு, கரண்ட் பில் வந்த அன்று அவன் முகம் சுண்டிப்போய் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டான்.

"பகல்ல ஏசியத் தொடக் கூடாது. ராத்திரி மட்டும்தான்."

"பகல்ல வீட்ல இருக்கிறது நான் மட்டும்தானே?" என்றாள் அவள்.

"அதனாலதான் சொல்றேன். ஒரு ஆளுக்காக ஓட விடணுமா?"

சொன்னவனுக்கு அது உறைக்கவில்லை. கேட்டவள் ஊசியில் நூல் கோத்தாள்.

அடுத்த வாரம் ஒரு மதியம், தைத்துக்கொண்டிருந்த சட்டையின் மேலேயே அவள் சாய்ந்துவிட்டாள். மெஷின் சத்தம் சட்டென்று நின்றதைக் கேட்டு எதிர்வீட்டு நர்ஸ் அக்கா ஓடி வந்தார். இரவுப் பணி முடித்துத் தூங்க முடியாமல் புரண்டுகொண்டிருந்தவர். ஈரத் துணியால் கழுத்தையும் கையையும் துடைத்து, கண் திறந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்க வைத்தார். கடையிலிருந்து அவன் மூச்சிரைக்க வந்து நின்றபோது அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"இது வீடா, அடுப்பா? இன்னும் கொஞ்ச நேரம் யாரும் பாக்காம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரியுமா? ஊருக்கெல்லாம் குளிர் விக்கிறீங்களே தம்பி!"

அவன் அறிந்த வைத்தியம் ஒன்றுதான். "நாளைக்கே கூடத்துக்கும் ஒரு ரெண்டு டன் போட்டுடறேன்" என்றான்.

பொழுது சாயும் வரை படுத்தே இருந்தவள் கையை நீட்டிச் சுவரைத் தொட்டாள். இருட்டத் தொடங்கியிருந்தது. சுவர் இன்னும் கொதித்தது.

"என்னங்க, வெயில் போயிடுச்சு. இது ஏன் இன்னும் சுடுது?"

"பகலெல்லாம் வாங்கின சூட்ட ராத்திரி விடும். மேல தளமும் அப்படித்தான். அதனாலதான் ஏசி விடிய விடிய ஓடுது" என்றான். கம்பெனிப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்த பாடம், மனப்பாடமாக வந்தது.

"அப்ப பகல்ல அது சூட்டையே வாங்காம இருந்தா?"

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. அந்தப் பதிலைச் சொன்னால் தன் வியாபாரத்துக்கு ஆகாது என்பதும் தெரிந்தது. "நீ முதல்ல தூங்கு" என்றான்.

அவள் தூங்கினாள்; ஆனால் அந்தக் கேள்வியை விடவில்லை. மறுநாளே ஜன்னலுக்கு உள்பக்கமாகக் கனமான திரை தைத்துப் போட்டுப் பார்த்தாள். மதியத்துக்குள் திரையே தோசைக்கல் மாதிரி ஆகி, அந்தச் சூடும் கூடத்துக்குள்தான் சுற்றியது. கண்ணாடியைத் தாண்டி வெயில் உள்ளே வந்த பிறகு அதை மறித்து என்ன பிரயோஜனம் என்று தோன்றியது. வெள்ளைக் கித்தான் துணியை ஜன்னலுக்கு வெளியே கட்டினாள். கூடத்தில் சூடு லேசாக இறங்கியது. கை உயர்த்திச் சந்தோஷப்படுவதற்குள் மாலைக் காற்று துணியைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. அவள் கிழிந்ததை இழுத்துப் பிடித்து, ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்து மறுபடி கட்டினாள். ஒட்டுப்போட்ட துணி, பார்க்க லட்சணமாகத்தான் இல்லை.

அன்று அவனைப் பைக்கில் கொண்டுவந்து விட்ட சக ஊழியன் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தான். "என்னப்பா ரெண்டு டன், உன் வீட்டு ஜன்னல்ல கோவணம் பறக்குது?"

அவனுக்கு மானம் போய்விட்டது. மறுநாள் அவனுக்கு விடுமுறை. அவள் குளித்துவிட்டு வருவதற்குள் துணியை அவிழ்த்துச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டான்.

வந்து பார்த்த அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் ஒரு கூடை நிறைய வெள்ளைச் சட்டைகளைக் கொண்டுவந்து மெஷின் பக்கத்தில் வைத்தாள்.

"லீவுதானே? இதுக்கெல்லாம் பட்டன் வைக்கணும். எனக்கு உடம்பு இன்னும் சரியாகலை. நீங்க என் நாற்காலில உக்காந்து சாயங்காலம் வரைக்கும் வச்சுக் குடுங்க."

"இவ்வளவுதானே? கொடு" என்றான் வீறாப்பாக. பட்டன் தைக்க அவனுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அறையில் தனியாக இருந்து கற்றது.

காலையில் பாட்டு முணுமுணுத்தபடி தைத்தான். உச்சி தாண்டியதும் பாட்டு நின்றது. வெயில் ஜன்னல் வழியே வந்து முதலில் அவன் பாதத்தில் ஏறியது. பிறகு முழங்கால், மடி. கத்தரிக்கோலைத் தொட்டால் சுட்டது. மின்விசிறி தளத்தின் அனலை வாரி வாரி அவன் தலையில் கொட்டியது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வெள்ளைச் சட்டையில் விழுந்து பரவியது. அவள் ஒரு துண்டை எடுத்து அவன் மடியில் விரித்துவிட்டுப் போனாள். இன்னும் ரெண்டு சட்டைக்குப் பட்டன் வைத்தான். ஊசி விரலில் வழுக்கியது. கண் மங்கியது. விருட்டென்று எழுந்து படுக்கையறைக்குள் போய் ரிமோட்டை எடுத்தான்.

"பகல்ல தொடக் கூடாதுன்னு யாரோ சட்டம் போட்டாங்க" என்று வாசலில் நின்று சொன்னாள் அவள்.

அவன் கை அப்படியே நின்றது. அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவனால் சிரிக்க முடியவில்லை.

"எத்தன நாளாம்மா இப்படி உக்காந்திருக்க?"

"இந்த வீட்டுக்கு வந்ததிலேருந்துதான்."

அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். தன் வீட்டில் ஒருத்தி தினமும் வெந்துகொண்டிருந்தாள். தான் கவலைப்பட்டதெல்லாம் கீழே நின்று எவனோ சிரிப்பதைப் பற்றி. வெட்கம் வெயிலைவிட அதிகமாகச் சுட்டது. எழுந்தான். பரணில் ஏறித் துணியை இறக்கினான்.

"கயிறு போதாது. காத்து பிச்சுக்கும். ஏசி மாட்டுற இரும்பு ஆங்கிள் ரெண்டு கடையில கிடக்கு. அதை அடிச்சுக் குடுத்தா தூக்கி இறக்கற மாதிரியே போடலாம்."

"கோவணம்னு சொல்வாங்களே?"

"சொல்றவன் வந்து இந்த நாற்காலில உக்காரட்டும்!"

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததைப் பார்க்கவே உற்சாகமாக இருந்தது. அவன் ஆங்கிள் அடித்தான்; அவள் புதுக் கித்தானில் அளவெடுத்துத் திரை தைத்தாள். ஜன்னலுக்கும் திரைக்கும் நடுவே காற்றுப் போக ஒரு சாண் இடம் விட்டார்கள். காலையில் வெயில் ஏறும் முன் ஜன்னல்களை மூடுவதும், வெளியே குளிர்ந்த பிறகு இரண்டு பக்கமும் திறந்து, ஒரு மேசை விசிறியை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வைத்து அனலைத் துரத்துவதும் பழக்கமாயிற்று.

மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிக்க வீட்டு உரிமையாளர் முதலில் இழுத்தடித்தார். நர்ஸ் அக்கா மாடி முழுக்கக் கதவைத் தட்டி எல்லோரையும் கூட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார். "தளம் வெடிக்காம இருந்தா உங்களுக்குத்தானே சார் லாபம்?" என்று அக்கா கேட்டதும் உரிமையாளர் இறங்கி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயிலுக்கு முன்னே எல்லோரும் துடைப்பமும் பிரஷ்ஷுமாக மேலே ஏறினார்கள். அழுக்கைத் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் பூசினார்கள். இறங்கி வரும்போது மூக்கு, காது, தலைமுடி எல்லாம் வெள்ளை. யார் எந்த வீடென்றே அடையாளம் தெரியவில்லை. படிக்கட்டெல்லாம் சிரிப்பு.

அன்று மதியம் டெய்லரம்மா கூடத்துத் தளத்தின் கீழே நின்று கையை மேலே நீட்டிப் பார்த்தாள். எப்போதும் முகத்தில் அடிக்கும் அனலைக் காணோம். நாற்காலியில் உட்கார்ந்து மெஷினை மிதித்தாள். சாயங்காலம் வரை சத்தம் நிற்கவே இல்லை.

பள்ளி திறப்பதற்கு முன்பே சீருடைகள் மடித்து, கட்டி, போய்ச் சேர்ந்தன. எண்ணிப் பார்த்த பள்ளி நிர்வாகி, "அடுத்த வருஷமும் நீங்கதாம்மா" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார். படுக்கையறை ஏசியை இருபத்தாறில் வைத்து, கூடவே விசிறியும் போட்டால், அறை சட்டென்று குளிர்ந்துவிடுகிறது. தூக்கம் வந்ததும் அணைத்துவிடலாம். அடுத்த பில் முந்தையதில் பாதிகூட வரவில்லை. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று அவன் ஓடிப்போய்ப் பார்த்தான்!

ஆனால் கடையில் ஒரு சிக்கல் காத்திருந்தது.

லாரி ஓட்டுகிற ஒருவர் வந்தார். ஆபரேஷன் முடிந்த தகப்பனாருக்காக ரெண்டு டன் வேண்டும், தவணையில். பழைய வாய் திறந்திருந்தால் அந்த நிமிஷமே கையெழுத்து வாங்கியிருக்கும். அவனோ, "ரூமுக்கு மேல என்னங்க இருக்கு? ஜன்னல் எந்தப் பக்கம்?" என்று கேட்டான். திரையும் பூச்சும் எப்படிப் போடுவது என்று தாளில் வரைந்து காட்டினான். "அத முதல்ல பண்ணுங்க. இந்தச் சின்ன ரூமுக்கு ஒரு டன்னே தாராளம்" என்றான். அவர் ஒரு டன் வாங்கிக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டுப் போனார்.

பின்னால் முதலாளியம்மா நின்றுகொண்டிருந்தார்.

"நீ யாரு கடையில நிக்கற? ஏசிக் கடையிலயா, துணிக் கடையிலயா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேலை போய்விடும் என்றே நினைத்தான். ஆனாலும் கால் பின்வாங்கவில்லை.

"மேடம், என்னை அப்புறம் அனுப்பிக்குங்க. ஒரு தடவை எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. மதியத்துல வாங்க."

அவர் வந்தார். திட்டுவதற்கென்றே வந்தவர் போல, நாலு மாடியும் முகத்தைத் துடைத்துத் துடைத்து ஏறி வந்தார். கூடத்தில் கால் வைத்ததும் நின்றார். கண் சுவர் சுவராகத் தேடியது.

"ஏசியை எங்க மாட்டியிருக்க?"

"இங்க ஏசி இல்லைங்க மேடம்" என்றாள் டெய்லரம்மா, ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டியபடி. படுக்கையறைக் கதவையும் திறந்து காட்டினாள். ஏசி அணைந்திருந்தது.

முதலாளியம்மா ஜன்னல் அருகே போய், மூடிய கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தார். வெளியே திரைக்கு அப்பால் வெயில் தகதகத்துக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. அப்ப என் கடைய இழுத்து மூடிடவா?"

அவன் நிமிர்ந்து பார்த்துச் சொன்னான். "ஏசி வேணாம்னு நான் சொல்லலைங்க மேடம். வெயிலைக் கதவு திறந்து உள்ள விட்டுட்டு, அப்புறம் கரண்டுக்குக் காசு குடுத்து வெளிய தள்றோமே, அந்த முட்டாள்தனம்தான் வேணாம்கறேன். முதல்ல நிழல், அடுத்து காத்து, அதுக்கும் மேல தேவைப்பட்டா தேவையான அளவுக்கு மெஷின். பெருமைக்காகப் பெருசா வாங்கறதுல குளிர்றது வீடு இல்லைங்க. நம்ம வீம்பு மட்டும்தான். வீட்டுக்குள்ள இருக்கிறவங்க வெந்துட்டுதான் இருப்பாங்க. என் வீட்லயே நான் பாத்துட்டேன். உண்மையச் சொல்லி விக்கிற கடைக்கு ஆள் குறையாது."

முதலாளியம்மா தண்ணீரை மெல்லக் குடித்து முடித்தார். லாரிக்காரர் காலையில்தான் தன் கூட்டாளிகள் மூன்று பேரைக் கடைக்கு அனுப்பியிருந்தார். அது அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் இளகியது. டெய்லரம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த மாதிரித் திரை என் கடைக்குத் தொடர்ந்து தச்சுக் குடுப்பியாம்மா? முதல்ல எங்க வீட்டுக்கே வேணும். மேற்குப் பக்கம் பூரா கண்ணாடி. நாலு மெஷின் ஓடியும் சோபாவுல உக்கார முடியல. நாளைக்கு வந்து அளவெடுத்துக்க."

"நாளைக்கு எதுக்கு மேடம்? வெயில் இருக்கும்போதே பாத்தாத்தான் எங்க அடிக்குதுன்னு தெரியும்."

டெய்லரம்மா அளவு டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, இருவருக்கும் முன்னால் படி இறங்கினாள்.