சாதாரணப் பெட்டி

அத்தை இறந்த மறுநாள் காலை, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி தேய்க்கும் அவள் சவப்பெட்டிக் கடைக்குப் போனாள். பெரியப்பா மகனான அண்ணனும் கூட வந்தான்.

கடைக்காரர் மெருகேற்றிய பெட்டி ஒன்றைத் தட்டிக் காட்டினார். "கடைசி மரியாதை இல்லையாம்மா? தவணையில கட்டிக்கலாம்."

"அந்த மூலையில இருக்கிற பலகைப் பெட்டி போதும்."

அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"அத்தை மூணு மாசம் படுக்கையில கிடந்தாங்கண்ணா. அந்த நாலு பேர்ல ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கல. அவங்க கண்ணுக்காக நான் ரெண்டு வருஷம் தவணை கட்ட மாட்டேன்."

"உள்ளே துணிகூட இருக்காதேம்மா," என்று இழுத்தார் கடைக்காரர்.

"துணியை நான் பார்த்துக்கிறேன்."

அன்று மாலையே அத்தையின் வெள்ளைப் போர்வைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து, ஒரு சுருக்கம் இல்லாமல் பெட்டிக்குள் விரித்தாள். மறுநாள் தூக்குவதற்கு அண்ணன் கூலி ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, சலவைக்கூடத்துப் பெண்கள் ஐந்து பேர் வேலை உடுப்போடு வந்து நின்றார்கள். ஈரத்துணி மூட்டை சுமந்து பழகிய தோள்கள். அவளும் சேர்ந்து ஆறு பேராகத் தூக்கினார்கள்.

தெருமுனையில் நின்ற ஒருவர், "பொம்பளைங்களா தூக்கிட்டுப் போறாங்க?" என்றார்.

"ஆமா. கனமா இருக்கு, வழிவிடுங்க," என்றாள் அவள்.