இருபத்திரண்டு மணித்தியால வழி

பொரளை மலர்ச்சாலையில், பெட்டியில் கிடத்தியிருந்த அம்மாவின் சேலைத் தலைப்பைச் சுபோதினி இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தபோது வாசலில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. இறங்கியவன் தம்பி லவன். அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பின்னேரம் மூன்று.

வெள்ளவத்தையில் ஒரு உயிர் போனால் என்ன வருத்தம், என்ன நோய் என்று ஆரும் முதலில் கேட்பதில்லை, பிள்ளைகள் எங்கே என்றுதான் கேட்பார்கள். லண்டன் என்றால் பதினொரு மணித்தியாலம். சிட்னியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். டொரொண்டோ என்றால் மாறி ஏறி வர இருபத்திரண்டு. அதைப் பார்த்துத்தான் இங்கே எரிக்கிற நாளையே குறிப்பார்கள். சுபோதினியும் அப்படித்தான் செய்தாள். காலை ஆறு மணிக்கு அம்மா கண்ணை மூடினார். ஆறேகாலுக்கு டொரொண்டோவில் இருக்கிற தம்பியை வாட்ஸ்அப்பில் எடுத்தபோது, "இப்பவே வெளிக்கிடுறன் அக்கா" என்று லவன் அழுதான். கொள்ளி வைக்க இருப்பது ஒரே மகன். நாளை மறுநாள் தகனம் என்று வானொலிக்கு அறிவித்தல் கொடுத்துவிட்டாள்.

ஒன்பது மணித்தியாலத்தில் டொரொண்டோ விமானம் அத்திலாந்திக்கைத் தாண்டினாலே பெரிய காரியம். இவனோ பையோடு முன்னால் நிற்கிறான்.

"எங்கயிருந்து வாறாய்?"

"முதல்ல அம்மாவப் பாக்க விடுங்கோ."

"எங்கயிருந்து?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "சென்னையில இருந்து. மகள் மிதுனான்ர கலியாணச் சேலை எடுக்க வந்தனாங்கள். மூண்டு கிழமையாச்சு."

சென்னை. ஒன்றேகால் மணித்தியாலம். வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய்வர அதைவிடக் கூட நேரமாகும். அந்த மூன்று கிழமையும் படுக்கையில் கிடந்த அம்மா விடிந்தால் பொழுதுபட்டால் "லவன் ஏறீட்டானோ?" என்று ஒரே கேள்விதான். வெள்ளைச் சுவரொன்றின் முன்னால் இருந்து வீடியோவில் இவன் என்ன சொன்னான்? "இஞ்ச ஒரே ஸ்னோ அம்மா, பிளைற் எல்லாம் கான்சல்." அம்மா இவனுக்காக இரக்கப்பட்டு, அவசரப்படுத்தாதே என்று மகளைத்தான் ஏசினார். அந்தப் பொய்யைக் கஞ்சியோடு சேர்த்து அம்மாவுக்கு ஊட்டிவிட்டவள் சுபோதினி.

"ஏன்டா சொல்லேல்ல?"

"சொன்னா வரச் சொல்லுவீங்கள். அம்மாவ அந்தக் கோலத்தில பாக்க எனக்கு ஏலாது அக்கா."

"எனக்கு மட்டும் ஏலுமோ?"

அவன் பையைக் கை மாற்றிக்கொண்டு, தாழ்ந்த குரலில், "நான்தான் வந்திட்டனே. தகனத்த நாளைக்கே வைப்பமே" என்றான்.

அப்போது அவளுடைய போன் அடித்தது. கொட்டாஞ்சேனை பேர்ணடெற் ரீச்சர், அம்மாவோடு ஒன்றாகப் படிப்பித்தவர்.

"மகன் வந்திட்டானோ பிள்ளை?"

சுபோதினி தம்பியை நேராகப் பார்த்தாள்.

"இல்ல ரீச்சர். டொரொண்டோவில இருந்தெல்லோ வாறான். நாளைக்குத்தான் வந்து சேருவான்."

லவன் கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் போய், பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். துக்கம் விசாரிக்க உள்ளே வந்த இரண்டு பெண்கள், தெரியாத ஆளைப் பார்த்து ஆட்டுகிற மாதிரி அவனைப் பார்த்து மெல்லத் தலையாட்டிவிட்டு, அம்மாவிடம் போனார்கள்.